மூலையைக் கவனிக்கிறவர்

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அடைக்கலசாமி அதைத் திறப்பதில்லை. அட்டையை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்து, தங்க எழுத்து எப்படி மின்னுகிறது என்று பார்க்கிறார். தேங்காய் வாங்குகிறவர் போல விரல் முட்டியால் தட்டுகிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாலு மூலைகளையும் கட்டைவிரலால் தடவுகிறார். ஒரு மூலையில் விரல் தயங்கினால் போச்சு. "மழுங்கியிருக்கு" என்று அந்தப் பிரதியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்.

"மூலைதான் தம்பி மார்க்கெட்டு. உள்ள என்ன இருக்குங்கறது அப்பறம்."

அந்த அப்பறம் இதுவரை வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய அச்சகத்துக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் ஜெராக்ஸ் கடையில்தான் வேலை பார்க்கிறேன். வந்திருந்தால் பார்த்திருப்பேன்.

தஞ்சாவூர் கீழவாசலில் அவருடையது கல்யாணப் பத்திரிகை அச்சகம். காமிக்ஸ் உலகத்துக்கு அவர் வந்தது ஒரு விசிறியின் மூலமாக. பூதலூரிலிருந்து ஒருவர் தன் பழைய காமிக்ஸ்களை வைக்க அட்டைப்பெட்டி செய்துதரச் சொல்லி வந்தார். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்திருந்தார். ஒன்று படிக்க, ஒன்று பிரிக்காமல் வைத்திருக்க. அன்று முழுக்க அடைக்கலசாமி இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "கல்யாணப் பத்திரிகைய ஒருதரம் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுருவான். இவன் பாக்காமயே பத்திரமா வச்சிக்கிறான். இவனில்ல கஸ்டமரு."

அடுத்த மாதமே பெயர்ப்பலகையில் 'கிராபிக் நாவல்' என்று ஒரு வரி ஏறியது. படக்கதை என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "படக்கதைன்னா பேரம் பேசுவான். கிராபிக் நாவல்னா பேச மாட்டான்" என்பது அவருடைய இலக்கியக் கொள்கை.

தொழில் செய்திகளைத் தினமும் போனில் பார்க்கிறார். சென்னையிலிருந்து வெங்கி என்பவர் நடத்தும் யூடியூப் சேனல்தான் அவருக்கு வேதம். எந்தப் பதிப்பகம் கெட்டி அட்டைக்கு மாறுகிறது, எந்த ஜப்பானியத் தொடரின் தமிழ் உரிமைக்கு யார் அலைகிறார்கள், எந்தப் புத்தகம் முன்பதிவிலேயே தீர்ந்தது எல்லாம் அதில் வரும். கேட்டதை அன்றைக்கே வீட்டில் ஒப்பிப்பார். பல பாகங்களைச் சேர்த்துத் தலையணை அளவில் ஒரே புத்தகமாகப் போடும் ஆம்னிபஸ்தான் இப்போது மோஸ்தர் என்று வெங்கி சொன்ன அன்று, மனைவியிடம் போய், "நம்மளும் ஒரு ஆம்னிபஸ் எறக்கிர வேண்டியதுதான்" என்றாராம். "எந்த ஊருக்கு விடப்போறீங்க?" என்று கேட்டாராம் அந்த அம்மாள். "ஸ்லீப்பரா, செமி ஸ்லீப்பரா?"

எவ்வளவு செய்தி கேட்டாலும் நாக்கு மட்டும் பழைய தொழிலிலேயே இருக்கிறது. அட்டையில் நிற்கும் நாயகன் அவருக்கு மாப்பிள்ளை. வில்லன் சம்பந்தி வீட்டு ஆள். வெளியீட்டு நாள் முகூர்த்தம். அச்சாகி வரும் புத்தகம் எதுவானாலும் பத்திரிகை. மெய்ப்புப் பார்க்கும்போது மூன்றே மூன்றைத்தான் பார்ப்பார். பேர், தேதி, இடம். "இது மூணும் சரியா இருந்தா கல்யாணம் நடந்துரும். மிச்சத்தப் படிச்சிட்டு உக்காந்தா மிஷின் ஓடாது."

அவருடைய புத்தகங்கள் ஆடியிலும் மார்கழியிலும் மட்டுமே வரும். மற்ற மாதங்களில் மிஷின் கல்யாணத்துக்குப் போய்விடும். இந்த ரகசியம் சென்னைக்குத் தெரியாது. "வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு ரிலீஸ். காத்திருக்க வைக்கிறாங்க பாருங்க, அதான் பிளானிங்" என்று வெங்கி ஒரு வீடியோவில் வியந்தார். அடைக்கலசாமி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

இந்த ஆடிக்கு அவர் போட்டது 'முறைத்தண்ணீர்'. வரைந்து எழுதியவர் விண்ணரசி அக்கா. ஒரத்தநாட்டில் மாட்டு மருந்துக் கடையில் வேலை. கடை சாத்திய பிறகு உட்கார்ந்து இரண்டு வருஷமாக வரைந்த கறுப்பு வெள்ளைப் புத்தகம். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக ஒருவருக்கொருவர் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு குடும்பங்களின் கதை. நடுவில் பேச்சே இல்லாத சில பக்கங்கள் வருகின்றன. படம் மட்டும்தான். அடைக்கலசாமிக்கு அது பொறுக்கவில்லை.

"இவ்வளவு எடம் காலியா கெடக்கே பாப்பா. தங்கள் நல்வரவை விரும்பும்னு நாலு பேராச்சும் போடலாமே."

"அது காலி இல்ல அங்கிள். அங்கதான் கதையே."

விண்ணரசி அக்கா பணம் எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. வெங்கி தன் நேரலையில் அந்தப் பக்கங்களைத் திறந்து காட்ட வேண்டும். முகம் தெரியாத யாராவது அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ. வெங்கியும் போனில், "கண்டிப்பா காட்டுறேன் சிஸ்டர்" என்று சொல்லியிருந்தார். அவருடைய முன்னோருக்குத் திருக்காட்டுப்பள்ளியில் நிலம் இருந்ததாம். அதனால் டெல்டா கதை என்றால் அவருக்கு உயிராம்.

சிறப்புப் பதிப்பு தயாரானது. தங்க எழுத்து, துணி ஒட்டிய பெட்டி. கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கிய பெட்டிதான். அடைக்கலசாமி ஒவ்வொன்றாக மூலை தடவித் தேர்ந்தெடுத்தார். தேறியவற்றை, வெங்கிக்குப் போகவேண்டிய பிரதியோடு சேர்த்து, பைண்டிங் மேசையில் இருக்கும் நீலாயதாட்சி அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பத்திரிகை நாளைக்குக் காலைல போயாவணும். மூலைய நல்லா கவனிச்சு அனுப்பும்மா."

அதே மேசையில் ஆவணி முதல் முகூர்த்தப் பத்திரிகைகளும் கட்டுக்கட்டாக இருந்தன.

வெங்கியின் நேரலையைப் பெரிய திரையில் பார்க்கவேண்டும் என்று எல்லாரும் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிட்டார்கள். விண்ணரசி அக்கா ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, நின்றுகொண்டே இருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. அடைக்கலசாமி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நீலாயதாட்சி அம்மா வாசலில் நின்றார்.

வெங்கி பெட்டியைத் திறந்தார். புத்தகத்தை எடுத்தார். நாலு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள் தடவியிருந்தது. மேலே ஒரு துளி குங்குமம் வேறு.

அடைக்கலசாமி மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?"

"நீங்கதான சொன்னீங்க, மூலைய கவனிச்சு அனுப்புன்னு. கவனிச்சேன்."

"நான் மழுங்கியிருக்கான்னு பாக்கச் சொன்னேன்."

"பத்திரிகைன்னு சொன்னா நான் என்னத்தப் பாப்பேன்? எல்லாக் கட்டுக்கும் நான்தான தடவுறேன்." அந்த அம்மாள் குரலில் பயம் எதுவும் இல்லை. "கறுப்பும் வெள்ளையுமா ஒரே காரியப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு. எனக்கே மனசு கேக்கல. அதான் கொஞ்சம் தாராளமா வச்சேன்."

அடைக்கலசாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திரையில் வெங்கி புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"மக்களே. இது ஒரிஜினல் மஞ்சள். மெஷின் பிரிண்ட் இல்ல, கையால தடவியிருக்காங்க. ஒவ்வொரு காப்பியும் வேற வேற மாதிரி இருக்கும். உலகத்துல எந்த பப்ளிஷரும் இப்படி ஒரு வேரியன்ட் பண்ணதில்ல. மண்ணோட வாசனைங்க இது."

ஒரே புத்தகத்துக்கு அட்டையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு மறுபடி விற்பதைத்தான் வேரியன்ட் என்கிறார்கள். அடைக்கலசாமியின் கை நெற்றியிலிருந்து இறங்கியது. திரையின் ஓரத்தில் கமெண்ட்டுகள் ஓடத் தொடங்கின. எங்கே கிடைக்கும், இன்னும் இருக்கிறதா, எனக்கு இரண்டு.

விண்ணரசி அக்கா திரைக்கு இன்னும் கிட்டே போனார். வெங்கியின் விரல் அட்டையின் விளிம்பில் இருந்தது.

"ஆனா மக்களே, ஓப்பன் பண்ணா மஞ்சள் உதிர்ந்துடும். அந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன்." புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டினார். "கதை பத்தித் தனியா ஒரு வீடியோ போடுறேன். அடுத்த நியூஸுக்குப் போவோம்."

அடுத்த நியூஸ், ஒரு பதிப்பகம் பெட்டியோடு பொம்மையும் இலவசமாகத் தரப்போவது.

அதற்குள் அடைக்கலசாமியின் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. "ஆமா சார், வேரியன்ட்தான். ரொம்ப நாளா பிளான் பண்ணி வச்சிருந்தது. இல்ல சார், சாதா மஞ்சள் இல்ல." போனைக் கையால் பொத்திக்கொண்டு நீலாயதாட்சி அம்மாவிடம் சொன்னார்: "மிச்சக் கட்டு எல்லாம் எடு. அந்த மழுங்குன மூலைங்களும் எடும்மா. மஞ்சள்ல தெரியாது."

"இப்பத் தடவச் சொல்றீங்களா, பாக்கச் சொல்றீங்களா? தெளிவாச் சொல்லிருங்க" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலையில் அச்சகத்தில் அடைக்கலசாமியே உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் கரைத்த மஞ்சள். கட்டைவிரல் நகம்வரை நிறம் ஏறியிருந்தது. எந்த விரலால் இத்தனை வருஷம் மூலை தடவிப் பார்த்தாரோ, அதே விரல். பார்சல் முகவரிகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நான் போனபோது விண்ணரசி அக்காவும் வந்தார்.

"அங்கிள், கதையப் பத்தி யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"மூலையக் கொண்டாடுறாங்க பாப்பா. மதுரைக்காரன் ஒருத்தன் மூணு கேக்குறான்."

"பிரிச்சுப் படிக்கவா?"

"மூணு வாங்குறவன் எதுக்குப் பிரிக்கிறான்?"

அக்கா கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி, நடுவில் பிரித்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினார். புத்தகத்தின் முதுகு நறுக்கென்றது. பேச்சில்லாத பக்கங்கள். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்.

"ஐயையோ, முதுகு ஒடஞ்சிருச்சே. இனிமே இத எவன் வாங்குவான்?"

"யாரும் வாங்க வேணாம். நீங்க பாருங்க."

முதலில் முதுகில் விழுந்த கோட்டைத்தான் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார். காய்ந்த வாய்க்கால். ஓரத்தில் மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த படத்தில் அவரே, வெயில் மட்டும் நகர்ந்திருக்கிறது. அதற்கடுத்ததில் தூரத்து மதகுப் பக்கம் ஏதோ மெல்லிசாக மின்னுகிறது. அடைக்கலசாமி குனிந்தார். போன் அடித்தது. அடித்து நின்றது.

"என்னா பாப்பா அது? தண்ணியா?"

"திருப்புங்க அங்கிள்."

திருப்பப் போனவர் விரலைப் பார்த்து நிறுத்தினார். துடைக்கத் துணி தேடவில்லை. மஞ்சள் கட்டைவிரலைப் பக்கத்தில் படாமல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலால் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.