ஆத்யாவுக்கு நான் கற்றுக்கொடுத்த பதில்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நான் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். நம் திங்கட்கிழமை பஜனைக்கு வரும் அன்பர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சுவாமி நஞ்சுண்டேஸ்வரர் எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால், நான் செய்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஜயநகரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் மனைவி கமலாவும் குழந்தைகள் காப்பகம் நடத்தினோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் செல்வி. கௌதள்ளி கிராமத்துத் தமிழ்ப் பெண். அவளிடம் பழைய சிறிய கார் ஒன்று இருந்தது. மத்தியானம் பிள்ளைகளை அதிலேயே வீடுகளில் கொண்டுபோய் விடச் சொன்னேன். அதற்காகப் பெற்றோரிடம் கட்டணமும் வாங்கினேன்.

கார் வெள்ளை போர்டு. அதன் இன்சூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு மட்டும். கட்டணத்துக்குப் பிள்ளைகளை ஏற்றினால் மஞ்சள் போர்டும் அதற்குரிய பாலிசியும் வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. முப்பது வருடங்களுக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருந்தவன் நான். இதே காரணத்தை எழுதி எத்தனையோ பேருடைய மனுக்களைத் தள்ளியிருக்கிறேன்.

செல்வி கேட்கவும் செய்தாள். "ஏனுங்க ஐயா, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரங்க குடுப்பாங்களா?"

"என்கிட்டயே இன்சூரன்ஸ் பத்திக் கேக்கறியா?" என்று சிரித்தேன். "யாராவது நிறுத்திக் கேட்டா, சொந்தக்காரப் பிள்ளைங்கன்னு சொல்லிடு."

அதோடு விடவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒரு விளையாட்டுபோலப் பழக்கினேன். யார் என்ன கேட்டாலும் செல்வியைக் காட்டி, "இவரு நம்ம சிக்கம்மா" என்று சொல்ல வேண்டும். சிக்கம்மா என்றால் அந்தப் பிள்ளைகள் பேசும் கன்னடத்தில் சித்தி. வேறு எதுவும் பேசக் கூடாது. பேர்கூடச் சொல்லக் கூடாது. சரியாகச் சொன்னால் சாக்லேட். காரில் ஏறும் முன் கழுத்திலிருந்த அடையாள அட்டைகளைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிடுவேன். ஆத்யா என்ற குழந்தைதான் எல்லோரையும்விட உரக்கச் சொல்வாள்.

சென்ற ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்குச் செல்வியின் கணவன் போன் செய்து அழுதான். ரிங் ரோடு சந்திப்பில் ஒரு டெம்போ கார்மேல் மோதிவிட்டது. ஓடினேன். நினைவில்லாமல் கிடந்த செல்வியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு காரில் மிஞ்சியிருந்தவள் ஆத்யா மட்டும். பின்சீட்டில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவளைக் காணவில்லை.

தலையில் ரத்தத்தோடு இருந்த குழந்தையை யாரோ ஒரு ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு போனதாக இளநீர்க் கடைக்காரர் சொன்னார். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆத்யாவின் அம்மா பல்லவி ஆபீசிலிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐடி கார்டல்லி நன்ன நம்பர் இதெ அல்வா அங்கிள்? யாராதரூ நோடி போன் மாட்தாரெ." அட்டையில் தன் நம்பர் இருக்கிறது, யாராவது அதைப் பார்த்துப் போன் செய்வார்கள் என்கிறாள். நான் தலையாட்டினேன். அந்த அட்டை என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

போலீசார் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் செய்து, காப்பகத்துப் பிள்ளை, பேர் ஆத்யா என்று கேட்டார்கள். எல்லா இடத்திலும் இல்லை என்றார்கள். இரண்டு மணி. மூன்று மணி. பல்லவி நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்த நேரத்திலும் என் மனத்தின் ஒரு மூலை, கட்டண விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை.

குழந்தையின் போட்டோ எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஆணியில் அட்டை ஆடியது. அதை எடுத்துக்கொண்டு பூஜை அலமாரியின் முன் விழுந்தேன். நஞ்சன்கூட்டுக் கோயிலுக்கு வருகிறேன், அங்கப்பிரதட்சணமாக உருளு சேவை செய்கிறேன் என்று பேரம் பேசப் பார்த்தேன். "அப்பா, குழந்தையைக் காட்டு. என்னை என்ன வேண்டுமானாலும் செய்" என்று மட்டும் அழுதேன்.

அப்போதுதான் அது எனக்கு விளங்கியது. நீ யார் பிள்ளை என்று கேட்டால் ஆத்யா என்ன சொல்வாள்? நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வாள். அந்த நினைவு என்னுடையது அல்ல. அவர் கொடுத்தது. மூன்று மணி நேரம் என் பயம் அதை மறைத்து வைத்திருந்தது.

ஸ்டேஷனில், பல்லவியின் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். பேரைக் கேட்காதீர்கள், சிக்கம்மா என்று மட்டும் சொல்லும் பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள் என்றேன். அட்டையை மேஜைமேல் வைத்தேன். மறுபடி என் கையைப் பிடித்திருந்த பல்லவி அதை விட்டாள். பெண் சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வயசாகிதெ, புத்தி பேடவா?" வயது ஆகியிருக்கிறதே, புத்தி வேண்டாமா என்று.

மூன்றாவது போனில் கிடைத்துவிட்டாள். ஒரு சந்துக்குள் இருந்த சின்ன கிளினிக். கார் ஓட்டிய அம்மாளின் சொந்தக்காரப் பிள்ளை என்று எழுதி வைத்து, அந்தக் குடும்பத்தார் வருவார்கள் என்று காத்திருந்தார்களாம். நெற்றியில் நான்கு தையல். கையில் பிஸ்கட். அம்மா தூக்கிக்கொண்டதும், அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து ஆத்யா கேட்டாள்: "தாத்தா, கரெக்டாகி ஹேள்தே. சாக்லேட்?"

சரியாகச் சொன்னேனே, சாக்லேட் எங்கே என்கிறாள்.

செல்விக்குத் தொடை எலும்பு முறிவு. இரண்டாம் நாள்தான் கண் விழித்தாள். அவளுடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நானே கடிதம் எழுதினேன். கட்டணம் வாங்கியது நான், தெரிந்தே அவளைத் தவறு செய்ய வைத்ததும் நான் என்று கையெழுத்துப் போட்டேன். காருக்கான கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக் கடிதத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம். என் காலத்தில் நான் எழுதியதும் அதேதான். என் சேமிப்பிலிருந்து அவள் பேரில் மஞ்சள் போர்டு வண்டி ஒன்று வாங்கினேன், ஏறும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்து. பெற்றோர்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். பாதிப் பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அது நியாயம்.

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொல்லிக் குடுத்தப்போ நானும் பக்கத்துலதானுங்களே நின்னேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போதும் வேலைக்கு வருகிறாள். முன்போல என்னோடு பேசுவதில்லை.

தை மாதம் பல்லவி ஆத்யாவோடு செல்வியைப் பார்க்க வந்தாள். கமலா குழந்தையைக் கொஞ்சி, செல்வியைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டாள். ஆத்யா என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் வேண்டும் என்று பார்த்தாள்.

"நிஜ ஹேளம்மா" என்றேன். உண்மையைச் சொல்லம்மா.

"செல்வி மிஸ்" என்றாள், மிக மெல்ல.

அன்பர்களே, கேட்டவுடன் கொடுக்கிறவர் நம் சுவாமி. அன்று நான் மறைத்துக்கொண்டே கேட்டதால்தான் அவர் கொடுப்பது என் கைக்கு வரவில்லை. உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்தால் அதை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் கைவிட மாட்டார். நான் தினமும் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும்.