அக்காவுக்கு ஏறிய கலர்

முதலில் பருக்கள்தான் போயின. அதை நான் மறுக்க முடியாது. கல்யாணம் பேசி முடித்ததும் அக்கா கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு மீன், கோழி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினாள். கவிச்சிதான் முகத்தைக் கெடுக்கிறது என்று அதில் யாரோ ஒருத்தி சொன்னாளாம். அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறவர். கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களில் கழித்துப்போட்ட தக்காளியும் வெள்ளரியும் எப்போதும் எங்கள் வீட்டில் கிடக்கும். காலையில் தக்காளி, மதியம் வெள்ளரி, இரவில் கொஞ்சம் ரசச்சோறு என்று ஆனது அவள் சாப்பாடு.

பக்கத்தில் வழக்கம்போலத் தேத்தண்ணி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் சோற்றுக்குத் தண்ணீர் வைப்பதில்லை. இந்தக் கேமரன் மலைக் குளிரில் பச்சைத்தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். பெரிய பிளாஸ்க்கில் கறுப்பாகக் காய்ச்சி ஊற்றிவைத்த தேத்தண்ணிதான் சோற்றோடும் இறங்கும், சோற்றுக்குப் பின்னும் இறங்கும். தேயிலை ஆலையில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அது இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஈப்போவில் தங்கிப் படிக்கிறேன். வார இறுதியில் பஸ் ஏறி வருவேன். கூடவே இருப்பவர்களுக்குத் தெரியாதது, விட்டுவிட்டுப் பார்க்கிறவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா கொஞ்சம் வெளுத்திருந்தாள். அவள் வேலை செய்யும் தேநீர்க் கடையில் எல்லோரும் என்ன கிரீம் போடுகிறாய் என்று கேட்டார்களாம். மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் வந்து, அக்காவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோல பாத்ததவிட நல்ல கலராயிட்டா பொண்ணு. எம் மவன் குடுத்துவச்சவன்."

அம்மாவின் முகம் அன்றைக்கு முழுக்க மலர்ந்தே இருந்தது. நான் அக்காவின் வாயோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வெடித்திருந்தது.

பிறகு அரிசிச் சத்தம் ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து 'நறுக், நறுக்' என்று கேட்கும். அரிசிப் பீப்பாயில் கைவிட்டு, அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். விருப்பப்பட்டுத் தின்கிற மாதிரி இல்லை. யாரோ நிற்கவைத்துத் தின்னச் சொன்னதுபோல இருக்கும்.

"அடியே, அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டும்டி," என்றாள் அம்மா.

"கேமரன்ல என்னைக்கும்மா கொட்டல?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்த மூச்சிலேயே அவளுக்கு இரைத்தது. ரோட்டிலிருந்து லைனுக்கு ஏறும் படிகளில் அவள் நின்று நின்று வருவதை அன்று மாலைதான் கவனித்தேன். முந்தைய வருஷம் கேஸ் சிலிண்டர்த் தோம்பைத் தூக்கிக்கொண்டு அதே படிகளில் ஏறியவள்.

அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம், தோல் சீவிய முள்ளங்கிபோல இருந்தது.

"அக்காவுக்கு ரத்தமே இல்லம்மா. கிளினிக் போகணும்."

"வந்துட்டாருய்யா டாக்டர் தொர," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணம் வச்சிருக்க பொண்ண கிளினிக்ல உக்கார வப்பியா? எவளாவது பாத்துட்டு, பொண்ணுக்குச் சீக்குன்னு மாப்ள வீட்டுல போயி சொல்லவா? போன தடவ முறிஞ்சது போதாதா?"

ஒருமுறை முறிந்திருந்தது உண்மைதான். நிறம் பத்தாது என்று சொல்லியே விட்டுப்போனார்கள். அக்கா என்ன பயத்தில் இந்தப் பத்தியம் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். அவளே மறுக்காமல் ஏறியதுதான் எனக்கு இன்னும் கிலியாக இருந்தது.

கிளினிக்கில் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, வரிசையை விட்டு எங்களை உள்ளே அழைத்துப் போனார். பரிசோதித்த டாக்டர், ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, இது நிறம் ஏறியதல்ல, வெளிறியது என்றார். இறைச்சியும் மீனும் மறுபடி சாப்பிடச் சொன்னார். தேத்தண்ணி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, சோற்றோடு குடிக்காதே என்றார். இரும்பு மாத்திரை கொடுத்து, சீக்கிரமே திரும்ப வரச்சொன்னார். ரத்தம் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும் என்றார்.

வீட்டில் சொன்னேன். அம்மா பயந்துபோய், சாப்பாட்டு நேரத்தில் பிளாஸ்க்கை எடுத்து ஒளித்தே வைத்தாள். நான் நிம்மதியாக ஈப்போவுக்குத் திரும்பினேன்.

மறுபடி வந்தபோது அக்கா இன்னும் வெளுத்திருந்தாள். அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும், அம்மா மாத்திரையை அவள் கையில் வைத்து, பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினாள்.

"என்னம்மா இது?"

"மாத்திரடா."

"தேத்தண்ணியிலயா குடுக்கிற?"

"சோத்தோட குடிக்கக்கூடாதுன்னுதானே சொன்ன? சோறுதான் முடிஞ்சிருச்சே. மாத்திர எறங்க ஒரு மொடக்கு. அதப்போயி குடிக்கிறதுன்னு சொல்லுவாங்களா?"

காய்ச்சல் மாத்திரையிலிருந்து சத்து மாத்திரை வரை எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் இறங்கியிருக்கின்றன. பச்சைத்தண்ணீரில் மாத்திரை போட்டால் சளி பிடிக்கும். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் மாத்திரையை மேசையில் வைத்துவிட்டாள்.

"எனக்கு வேணாம்டா தம்பி. இதத் தின்னா வெளிக்குப் போறதே கறுப்பாப் போகுது. மூஞ்சி மட்டும் கறுக்காதா?"

"கறுக்காதுக்கா. அது மாத்திரையோட கலரு."

"போட்டோ எடுத்து முடிக்கட்டும்லா. அப்புறம் நீ சொல்றபடி எல்லாம் திங்கிறேன்."

அடுத்த நாள் காலையில் படம் எடுக்க மாப்பிள்ளையும் படக்காரரும் வந்தார்கள். தேயிலைச் சரிவில் பனிமூட்டம் முழங்கால்வரை கிடந்தது. அக்கா சிவப்புச் சேலையில் மேலே ஏற, நானும் அம்மாவும் பின்னால் நடந்தோம்.

"பில்டரே வேணாம் அக்கா, செம்ம கலர்," என்றார் படக்காரர். "இன்னும் கொஞ்சம் மேல. அந்த மேட்டுக்குப் போங்க."

அவள் ஏறினாள். நின்றாள். நெஞ்சில் கை வைத்தாள். பிறகு செடிகளுக்கு நடுவே மெதுவாக உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாள். மாப்பிள்ளை சிரித்தார். படக்காரர், "சூப்பர், அப்படியே இருங்க," என்று எடுத்துக்கொண்டே இருந்தார். நான் கத்திக்கொண்டு ஓடிய பிறகுதான் கேமராச் சத்தம் நின்றது.

மாப்பிள்ளைதான் தூக்கினார், அவருடைய காரில்தான் கொண்டுபோனோம். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். நான் துளி விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாப்பிள்ளை தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசினார் என்பதைவிட, கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

"என்ன சொல்றாரு பாரேன் தம்பி," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அக்காவின் உதட்டுக்கு இன்னும் நிறம் வரவில்லை.