மருதாணிக் கால்

அறுபதுகளில் ஒரு ஐப்பசி மழையில் கெடிலம் ஆற்றுத் தண்ணீர் கடலூரில் எங்கள் தெருவரை வந்து போனது. பள்ளிக்கூடம் போகவர ஒரே சேறு. சிதம்பரத்தில் நடக்கிற சடுகுடுப் போட்டிக்கு என்னைச் சேர்த்த நேரம் பார்த்து, என் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். தோல் வெளுத்து உரிந்து, காலை ஊன்றினாலே எரிந்தது.

அம்மா தினமும் சாயங்காலம் என் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்து அப்பினாள். புண் மெல்ல ஆறியது. ஆனால் விரல்களெல்லாம் கல்யாணப் பெண்ணுடையவை போலச் சிவந்துவிட்டன.

"மருதாணிப் பொண்ணு வருதுடா, வழி வுடுங்க!" என்றான் வகுப்பில் ஒருவன்.

நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுகிறவன் நான். போட்டிக்கு முதல் நாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். துறைமுகத்தில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்தில் வந்து காலை நீட்டினார்.

"எனக்கும் சேத்துப்புண்ணு ஜாஸ்தியா இருக்குடா. அக்கா அரச்சதுல மிச்சம் கெடக்கும், அப்பி வுடு."

"வேணாம் மாமா, செவந்துடும். சிரிப்பாங்க."

"சிரிக்கிறவனா வந்து எனக்குச் சொறிஞ்சி வுடுவான்?"

வயிற்றுவலியை மறந்து இடுக்கு இடுக்காக அப்பினேன்.

மறுநாள் சிதம்பரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிவந்த விரல்களோடு மாமா கோட்டின் பக்கத்திலேயே நின்றார். எதிர்ப் பள்ளிப் பையன்கள் அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

"அண்ணே, உங்களுக்கு எப்ப கல்யாணம்?"

"இன்னிக்கிச் சாயங்காலம்தான், உங்கள ஜெயிச்சிட்டு. சாப்ட வந்துடு தம்பி!"

என் காலை யாரும் பார்க்கவில்லை. ஆட்டம் சமமாக இருந்தபோது கடைசியாக நான் சடுகுடு பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். மூன்று பேர் விழுந்து பிடித்தார்கள். சில நாள் முன்புவரை ஊன்ற முடியாத விரல்களை மண்ணில் அழுத்தி, மூச்சு விடாமல் அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டேன். மாமா என்னைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றினார். என் சிவந்த கால்கள் எல்லார் கண்ணுக்கும் நேராக ஆடின. மறைக்கத் தோன்றவில்லை.

கடலூர் பஸ்ஸில் மாமா காலை நீட்டித் தூங்கிவிட்டார். குனிந்து அவர் விரல்களை விரித்துப் பார்த்தேன். சிவப்பு இருந்தது, வெடிப்போ உரிந்த தோலோ எதுவும் இல்லை. எனக்கு வாரக்கணக்கில் இழுத்தது, அவருக்கு ஒரே தடவையில் தடமில்லாமல் ஆறிவிட்டதே! மருதாணிகூட ஆள் பார்த்துத்தான் வேலை செய்கிறது என்று ஊர் வந்து சேரும்வரை எனக்குக் குறைதான்.