நீலக் கிட்டாரின் முதுகைச் செதுக்கிய கதை

கையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே கிட்டாரை எடுத்து மாட்டினேன். மாட்டிய வேகத்தில் கழற்றினேன். வலது மார்பை எடுத்த இடத்தில், தழும்பின் மேலேயே அதன் விளிம்பு வந்து உட்கார்ந்தது. உடம்பில் இத்தனை இடம் இருக்க உனக்கு அந்த இடம்தான் கிடைத்ததா என்று அதை வாய்விட்டே திட்டினேன். அடுக்களையிலிருந்து அம்மா யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள்.

அது எலக்ட்ரிக் கிட்டார். உள்ளே கூடு கிடையாது, முழுக்கட்டை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழையதாக வாங்கினேன். நீலப் பெயின்ட், நல்ல கனம். நின்று வாசிக்கும்போது வார் இடது தோளில் தொங்கும், கட்டையின் பின்விளிம்பு வலது மார்பில் பதியும், வலது முன்கை மேல்விளிம்பில் சாய்ந்திருக்கும். எனக்கு எடுத்தது வலப்பக்கம். வீங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் வலது கை. இந்தக் கிட்டாரைச் செய்தவர்கள் என்னைப் போன்ற ஒருத்தியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அழுகையைவிட அது எவ்வளவோ தேவலை.

வாசிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டபோது, வீணையா என்று கேட்டார். வலியசாலை அக்ரகாரத்துக்காரி என்றால் எல்லாருக்கும் வீணைதான் ஞாபகம் வரும். எலக்ட்ரிக் கிட்டார் என்றதும் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கனம் கூடாது, தழும்பில் எதுவும் அழுத்தக்கூடாது, மற்றபடி உங்கள் இஷ்டம் என்றார். கடைசியில் சொன்னதை மட்டும் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டத்தில் என் ஆபீஸ். அங்கே வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து ஒரு பாண்ட் வைத்திருக்கிறோம். சாயங்காலங்களில் மானவீயம் வீதியில் ஓரமாக நின்று வாசிப்போம். டீ குடிக்க வந்தவர்கள் நின்று கேட்பார்கள். ஓணத்துக்கு முன்னால் அங்கே ஒரு மாலை எங்களுக்கென்று கிடைத்திருந்தது. நான் வரமுடியாவிட்டால் இருக்கட்டும் என்று இன்னொரு ஆளையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அவசரமே இல்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மாலையில் நான் வாசிக்க வேண்டும். அன்றைக்கு விட்டால் அப்புறம் தொடவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மெதுவாக வருகிறேன் என்று ஒதுங்கினவர்கள் வராமலே போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் டிரம்மர் ஒரு மலையாளிப் பெண், என்னைவிட இளையவள். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக என்னைப் பார்க்க வந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சேச்சி, வேறெ ஒரு கிட்டார் வாங்கிச்சால் போரே?” என்றாள். போதும்தான். மெலிந்த, கனமில்லாத கிட்டார்கள் கடையில் இருக்கின்றன. ஆனால் என் உடம்பில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாயிற்று, நான் இன்னும் நான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது நிஜமானால் கிட்டாரையும் வெட்டலாம், அதுவும் அதுவாகவே இருக்கும் என்றேன். அப்படியானால் வெட்டும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

சாலைக் கடைத்தெருவில் மர அரம் இரண்டு, உப்புத்தாள், மூக்கை மூட ஒரு முகமூடி எல்லாம் வாங்கினேன். கதவுக்கா கட்டிலுக்கா என்று கடைக்காரர் கேட்டார். கட்டிலுக்கு என்றேன். விளக்கம் சொல்லி மாளாது.

எங்கே செதுக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கிட்டாரின் முதுகை ஈரத்துணியால் துடைத்து, கோலப்பொடியை வழித்துப் பூசினேன். கறுப்பு டீஷர்ட் போட்டுக்கொண்டு, கூடத்தில் நின்று ஒரு பாட்டு முழுக்க வாசிப்பதுபோல் பாவனை செய்தேன். கழற்றிப் பார்த்தால் எங்கெங்கே உடம்பில் பட்டதோ அங்கெல்லாம் பொடி அழிந்திருந்தது. அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்தேன். வாசலில் போடவேண்டிய பொடியைப் போய் இந்தக் கட்டையில் பூசுகிறாயே என்றாள் அம்மா. நாளைக்கு வாசலுக்கு மிச்சம் இருக்கிறது என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. பால்காரரிலிருந்து பிரசாதம் கொண்டுவரும் மாமி வரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கு என்ன ஆபரேஷன் என்று அம்மா தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் விற்ற சிலிக்கான் மார்பு எனக்கு வியர்த்து அரித்தது. அதனால் அம்மாவே பழைய வேஷ்டித்துணியில் ஒரு பை தைத்து, கனத்துக்குக் கடுகு நிரப்பிக் கொடுத்தாள். கச்சிதமாகத் தைத்திருந்தாள். படுக்கையை விட்டு எழுந்ததும் அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் கூடத்துக்கு வரவேண்டும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். எனக்கும் அது பழகிவிட்டது. கோலப்பொடி பூசின அன்றும் அது என் சட்டைக்குள் இருந்தது.

கொல்லையில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். தந்திகளையும் திருகிப் பிரிக்கக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். வலது கைக்கு வேலை கொடுக்கக்கூடாது. அரத்தை இடது கையால் இழுத்தேன். முதல் நாள் கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் மேல்விளிம்பில் நீலம் போய், அதன் அடியில் வெள்ளைப் பூச்சு போய், மரம் வெளியே தெரிந்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். முன்கை சாயும் இடத்தைச் சரிவாக்கினேன். அது முதல் முயற்சியிலேயே நன்றாக அமைந்தது. பிறகு முதுகைத் திருப்பி, பென்சில் வரைந்த இடத்தில் குழித்தேன். பக்கத்திலேயே தந்திகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் இருக்கும் பள்ளம் வரும். அதற்குள் ஓட்டை விழாமல் விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக் குழித்தேன். மழை வந்தால் கட்டையை மடியில் போட்டு மூடிக்கொண்டு காத்திருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைப்பாள், பார்ப்பாள், போவாள்.

முடிந்ததும் மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்கார்ந்தது. அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். எல்லாரும் செதுக்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். டிரம்மர் கொட்டி ஆரம்பித்தாள். பாதிப் பாட்டுகூடத் தாண்டவில்லை, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தழும்பு எரிந்தது. தொண்டையில் ஏதோ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். உள்ளே அந்த இன்னொரு ஆள் என் பகுதியை வாசிக்கத் தொடங்கினான். நன்றாகவே வாசித்தான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அறையில் சட்டையைக் கழற்றினபோதுதான் புரிந்தது. கடுகுப் பையின் தையல் தழும்பில் அப்படியே அச்சாகியிருந்தது. கிட்டாரின் குழி அந்தப் பையை அழகாகக் கவ்விக்கொண்டது. பை நகர வழியில்லாமல் ஒவ்வொரு அசைவிலும் தழும்பைத் தேய்த்திருக்கிறது. நான் இத்தனை நாள் இடது கையால் ராவிக் குழித்தது என் உடம்புக்கு இல்லை. அம்மா தைத்த பைக்கு. எவளாவது கடுகுக்கு அளவெடுத்து எலக்ட்ரிக் கிட்டாரைச் செதுக்குவாளா? முதலில் சிரித்தேன். அப்புறம் கட்டிலில் குப்புற விழுந்து அழுதேன், அப்படிப் படுத்தால் வலிக்கிறது என்பதற்காகவும் சேர்த்து.

பையை எடுத்துவிட்டு கிட்டாரை வெறும் மார்பில் வைத்துப் பார்த்தேன். குழியின் ஓரம் நேரே தழும்பில் இடித்தது. எனக்கு வேண்டியது குழியே இல்லை. தட்டையான இடத்துக்குத் தட்டையான ஒரு சரிவு. குழியை அடைத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும்.

மறுநாள் காலை, பை இல்லாமல் கறுப்பு டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றேன். வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. அம்மா பார்த்ததும் வாசலுக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள்.

“யாராவது வந்தா என்ன நினைப்பா?”

கதவைத் திறக்கச் சொன்னேன். அளவெடுக்க வெளிச்சம் வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அம்மா தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் என் கழுத்துக்குக் கீழே பார்த்ததில்லை. பை தைத்தபோதுகூட இடது பக்கத்து உள்ளாடையை வைத்துத்தான் அளவெடுத்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அதற்குத்தான் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

அவள் கதவைத் திறந்தாள். வந்து, கோலப்பொடி டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, கிட்டாரின் முதுகில் அவளே பூசினாள். அதைத் தூக்கி என் மேல் வைத்து மெதுவாக அழுத்தினாள். எடுத்தாள். டீஷர்ட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். விரலை வைத்து, தழும்பு தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரை துணிமேல் தடவினாள்.

“இவ்வளவு நீளமா இருக்குன்னு நேக்குத் தெரியாது, கேட்டியா,” என்றாள்.

ஆமாம் என்றேன். வாசலில் யாரோ போனார்கள். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குழியை அடைக்க மரம் வேண்டும். கட்டிலுக்கு அடியில் பலாமரத்து மணை ஒன்று இருந்தது. மேஜையில் சாப்பிட ஆரம்பித்தபின் அதில் யாரும் உட்கார்வதில்லை. அம்மாவே இழுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து, குழிக்குப் பொருந்த ராவி, மரப்பசை போட்டு ஒட்டினேன். இறுக்கிப் பிடிக்க எங்களிடம் கருவி எதுவும் இல்லை. அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தோம். மழைக்காலத்தில் பசை காய்வேனா என்றது. நான் சும்மா சும்மா போய்த் தொட்டுப் பார்ப்பதும் அம்மா என் கையைத் தட்டிவிடுவதுமாக இருந்தோம். காய்ந்தபின் கிட்டாரின் நீலத்தையும் பலாவின் மஞ்சளையும் சேர்த்து ஒரே சரிவாக இழைத்தேன். பெயின்ட் அடிக்கவில்லை. மஞ்சள் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒத்திகைக்கு இனி நேரமில்லை. டிரம்மரைக் கூப்பிட்டு நான்தான் வாசிக்கிறேன் என்றேன். சரியா இருக்குமா சேச்சி என்று கேட்டாள். தெரியாது, ஆனால் நான்தான் என்றேன்.

நிகழ்ச்சி அன்று சாயங்காலம் பை வைக்காமல்தான் சட்டை போட்டேன். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, தானும் வருவதாகச் சொன்னாள். நாங்கள் படியிறங்கும்போது எதிர்வீட்டு மாமி வாசலில் நின்றிருந்தாள். அவள் பார்வை கிட்டார் பெட்டியிலிருந்து என் சட்டைக்கு வந்து அங்கேயே நின்றது. உடம்புக்கு இப்போ எப்படி என்று கேட்டாள், கண்ணை எடுக்காமல். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

“மார்ல ஆபரேஷன். ஒரு பக்கம் எடுத்தாச்சு. இப்போ வாசிக்கப் போறா. நேரமாச்சு, வந்து சொல்றேன்.”

சொல்லிவிட்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். வழிநெடுக நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

மானவீயத்தில் நல்ல கூட்டம். முன்னால் நின்ற சிலர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்; நானும் அவர்களை அப்படியே பார்த்தேன். அம்மா ஒரு மரத்தடியில் நின்றாள். டிரம்மர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கொட்ட ஆரம்பித்தாள். முதல் பாட்டு முழுக்க நான் வலிக்காகக் காத்திருந்தேன். விரல்கள் பாட்டுக்குத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன; என் கவனமெல்லாம் அந்த ஓரிடத்தில் இருந்தது. இதோ வரும், அடுத்த வரியில் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். இரண்டாவது பாட்டில் காத்திருக்க மறந்துவிட்டேன்.