இருபத்து மூன்றாவது படம்

எனக்கு முன்கோபம் அதிகம். கணக்கு வாத்தியாருக்கு அது ஒரு தகுதி என்றுகூடப் பள்ளிக்கூடத்தில் நினைக்கிறார்கள். மொட்டைமாடியில் கேமராவும் கையுமாக நிற்கிறவனுக்கு அது ஆகவே ஆகாது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

என்னிடம் இருப்பது பழைய ஃபிலிம் கேமரா. கண் வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி, பட்டனை அழுத்தலாம். அன்று காலை சும்மா எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது லென்ஸைக் கடைசித் தூரத்துக்குத் திருகி, தெருவுக்கு அப்பால் நிற்கும் செல்போன் டவரைப் பார்த்தேன். ஒன்றாகத் தெரிய வேண்டிய டவர் இரண்டாக நின்றது. கட்டம் பிசகியிருந்தால் அதை நம்பி எடுத்த படமெல்லாம் கலங்கலாகத்தான் வரும்.

உள்ளே ஃபிலிம் இருந்தது. அதில் இருபத்திரண்டு படம் எடுத்திருந்தேன். இருபத்திரண்டும் என் மாமியார்.

அத்தை அம்பாசமுத்திரத்திலிருந்து சிகிச்சைக்காக வந்து எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தார். முடியெல்லாம் கொட்டி, பாதியாக இளைத்துப்போயிருந்தார். போனில் யாராவது படம் எடுத்தால் உடனே வாங்கிப் பார்த்து, "சீ, அழிச்சுரு" என்பார். அழிக்கிறவரை விடமாட்டார். இந்தக் கேமராவுக்கு மட்டும் உட்கார்ந்தார். "இப்பமே பாக்க முடியாதுல்லா மாப்ள? அப்ப எடுங்க" என்று சிரித்தார். ஊருக்குத் திரும்பிய பதினைந்தாம் நாள் போய்விட்டார். மிச்சப் படத்தையும் எடுத்து முடித்துவிட்டுக் கழுவக் கொடுக்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். அம்மா படம் எப்போது வரும் என்று என் மனைவி வாரத்துக்கு ஒரு தடவை கேட்பாள்.

கேமரா எப்போது கெட்டது என்று தெரியவில்லை. அத்தைக்குப் பிறகு என்றால் பிழைத்தோம், முன்னால் என்றால் போச்சு. அதை யோசிக்கப் பயந்து ரிப்பேரில் இறங்கினேன். கேமராவின் முகப்பில் ஒரு குட்டி மூடி உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு. மூக்குக்கண்ணாடித் திருப்புளியால் அதை மயிரிழை அசைத்தால் ஒரு டவர் இன்னொரு டவரை நோக்கி நகரும். கொஞ்சம் கூடிப்போனால் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். மேற்கே மலை மங்கிக் கிடந்ததால் நேராக நிமிர்ந்து நின்ற டவரை விட்டால் எனக்கு வேறு குறி இல்லை. எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேலாகத்தான் அதைப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. அந்தச் சந்தோஷத்தில் என் விரல் சும்மா இருக்கவில்லை, அழுத்திவிட்டது. கேமராவை இறக்கிய பிறகுதான் பார்த்தேன், எதிர்வீட்டு மருமகள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கட்டத்தையே பார்த்த கண்ணுக்கு ஓரத்தில் வந்தவள் தெரியவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், வாளியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப்போனாள்.

ஐந்து நிமிடத்தில் அவளுடைய மாமனார் எங்கள் மாடிக்கே மூச்சிரைக்க ஏறி வந்துவிட்டார். தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

"என்ன சார், காலையிலேருந்து எங்க வீட்டப் பாத்து என்ன எடுக்கிய?"

"ஒங்க வீட்ட யாரு எடுத்தா? டவரப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"டவர்ல என்ன இருக்கு, ரெண்டு மணி நேரம் பாக்கதுக்கு?"

ரெண்டு டவரை ஒரு டவராக்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பொறுமையாக விளக்கியிருக்கலாம். "நான் ஒரு படமும் எடுக்கல, போங்க அண்ணாச்சி" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பொய் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதுவரை 'சார்' போட்டவர் 'வே'க்கு இறங்கினார். "அப்பம் காட்டும்வே."

கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் கறுப்புத் தகடு. "படத்த எங்கன பாக்கது?"

"பாக்க முடியாது. இது ஃபிலிம். கழுவணும்."

"அப்பம் திறந்து காட்டும்."

"திறந்தா வெளிச்சம் பட்டு அம்புட்டும் போயிரும்."

"போட்டுமே. ஒண்ணுமே எடுக்கலன்னா போறதுக்கு என்னவே இருக்கு?"

கணக்கு வாத்தியாரான நான் மடங்கிப்போனேன். கேமராவை வாங்கிப் பின்மூடியின் கொக்கியில் விரலை வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திறந்துவிடலாம் என்றுதான் இருந்தது. திறந்தால் என் பொய்யும் சேர்ந்து அழிந்துவிடும்.

சத்தம் கேட்டு மேலே வந்த என் மனைவி என் விரலைப் பார்த்தாள். அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அதுக்குள்ள எங்கம்மா இருக்கா. திறக்கச் சொல்லாதிய. கழுவி வந்ததும் ஒரு படம் விடாம ஒங்க வீட்ல கொண்டுவந்து காட்டுதேன். என் பொறுப்பு."

அவர் கொஞ்சம் தணிந்தார். "என் மவன் வெளிநாட்டுல கெடக்கான். இங்கன ஒண்ணுன்னா நாந்தாம்மா பதில் சொல்லணும். பத்து நாள் பாப்பேன். அப்புறம் இவரு பள்ளிக்கூடத்துல போயிக் கேப்பேன்."

பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அந்தக் கேள்வி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாலே போதும், பதில் என்ன என்று யாரும் நின்று கேட்கப் போவதில்லை. அவர் கண் முன்னால் ஃபிலிமைச் சுருட்டி டப்பியை எடுத்து மனைவி கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலை மனைவி டப்பியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அதைக் கையில் எடுத்தேன். சுருட்டிய ஃபிலிமில் முதலில் எடுத்தது வெளியே இருக்கும், கடைசியில் எடுத்தது உள்ளே கிடக்கும். அந்த ஒரு படத்தை வெளிச்சத்துக்கு இழுக்க வேண்டுமென்றால் அத்தையின் இருபத்திரண்டு படத்தையும் முதலில் இழுத்தாக வேண்டும். நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஃபிலிம் நுனியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவள் ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எடுத்தத எடுத்தேன்னு சொல்லதுக்கு என்ன?" என்றாள்.

"கோவத்துல வந்துட்டு."

டப்பியை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய் அவளே கூரியரில் போட்டாள். சென்னையில் கழுவிப் படங்களைப் போனுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த எட்டு நாளும் அண்ணாச்சி எதிரே வந்தால் நான் சந்தில் திரும்பிப் போனேன். வகுப்பில் யாராவது கதவைத் தட்டினால் சாக்பீஸ் கைநழுவியது.

ஒன்பதாம் நாள் மாலை படங்கள் வந்தன. அவள் போனில்தான் வந்தன. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சன்னல் பக்கம் நாற்காலியில் அத்தை. பின்சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி, கிழமை, ராகுகாலம்கூடப் படிக்க முடிந்தது. அத்தையின் முகம் மட்டும் பாலாடைக்குப் பின்னால் இருப்பதுபோல் கலங்கியிருந்தது. அவள் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாமே அப்படித்தான். இருபத்து மூன்றாவது, சுள்ளென்ற வெயிலில் டவர். வலது ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பெண்.

"இத மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணு விடாமன்னு சொல்லியிருக்கேன்" என்று போனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவையே பார்த்தேன். கால் மணி நேரம் திறக்கவில்லை.

திரும்பி வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "என்ன சொன்னாரு?"

"மூணு தடவ பெருசாக்கிப் பாத்தாரு. டவருதான் நடுவுல இருக்கு, புள்ள ஓரத்துல திரும்பித்தான் நிக்கா, சரிம்மான்னாரு. வாத்தியாரு பொய் சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்காம்."

அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சிரித்தும் இருப்பேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் உட்காரவில்லை. போனில் படங்களை முதலிலிருந்து மறுபடி தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசிப் படத்தில் நிறுத்தி என் பக்கம் நீட்டினாள்.

"அந்தப் புள்ள கொடியில மாட்டுன கிளிப்பு பச்சைன்னுகூட தெரியுது பாருங்க. எங்கம்மாவுக்குக் கண்ணு எங்கன இருக்குன்னே தெரியலையே."

கேமரா இப்போது சரியாகத்தான் இருக்கிறது.