சியூ லிங்கின் பெயரில் ஒரு நன்றிப் பூசை

பேர்ணடெற் மன்னார் பேசாலையில் பிறந்தவள். தொண்ணூற்றொன்றில் மகள் ஜெசிகாவைக் கையில் பிடித்தபடி ரொறன்ரோவில் வந்து இறங்கி, முன்னமே வந்திருந்த கணவன் செல்வரட்ணத்தோடு மோர்னிங்சைட்டில் ஒரு அப்பாட்மென்றில் குடியேறினாள். அவருக்கு ஒரு இத்தாலிய உணவகத்தில் சமையல் வேலை. அவளுக்கு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை.

வந்த அடுத்த வருடமே அவளுடைய மாதவிடாய் தன் பாட்டுக்குப் போகத் தொடங்கியது. மாதக்கணக்கில் எட்டியும் பார்க்காது. வந்துவிட்டாலோ நிற்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போகும். குடும்ப வைத்தியர் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் செய்வித்தார். பயப்பட ஒன்றுமில்லை, இரத்தம்தான் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும் ஹோர்மோன் குளிசையும் எழுதிக் கொடுத்தார். ஹோர்மோன் குளிசை அவளைக் குமட்டிச் சத்தியெடுக்க வைத்தது. அதைத் தானாகவே நிறுத்திவிட்டாள். திரும்பப் போய் அவரிடம் சொல்லவும் கூச்சம்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று செல்வரட்ணம் கேட்டார்.

"ஒண்டுமில்லையாம்."

"அப்ப நல்லதுதானே."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பெண்களின் விஷயத்தில் ஆண் தலையிடக்கூடாது என்றுதான் அவர் வளர்ந்த வீட்டில் பழக்கியிருந்தார்கள். அவர் கல்மனம் படைத்தவர் அல்ல. என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் வேலையில் நின்றபோது பேர்ணடெற்றின் வெள்ளை மேலங்கி பின்பக்கம் இரத்தத்தில் நனைந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. பின் வரிசையில் நின்ற சியூ லிங் கண்டுவிட்டாள். ஹொங்கொங்கிலிருந்து வந்தவள். அதுவரை இருவரும் காலை வணக்கத்துக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. சியூ லிங் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி, பேர்ணடெற்றின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். பிறகு அவளை முன்னே நடக்கவிட்டு, முதுகோடு ஒட்டினாற்போல் பின்னால் நடந்து கழிவறைவரை கொண்டுபோய் விட்டாள். மேற்பார்வையாளர் ஏதோ கேட்க, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைய சாப்பாட்டு இடைவேளையில், துண்டு துண்டான இங்கிலீஷில், பேர்ணடெற் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்டு முடித்த சியூ லிங், "சனிக்கிழமை என்னோடு வா" என்றாள்.

ஸ்பதைனா வீதியில் ஒரு மருந்துச் சரக்குக் கடை. அதன் பின்னறையில் மிஸிஸ் யிப் என்ற சீன வைத்தியர் இருந்தார். நரைத்த தலை, நிதானமான கைகள். பேர்ணடெற்றின் இரண்டு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கேள்விகள்: இரத்தம் என்ன நிறம், கட்டியாக வருகிறதா, கால் குளிர்கிறதா, ஐஸ் தண்ணீர் குடிக்கிறாயா, நித்திரை எப்படி. சியூ லிங் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

"இது குழம்புவதற்கு முன்னால் மனதை உடைத்த ஏதாவது நடந்ததா?" என்று கடைசியாக மிஸிஸ் யிப் கேட்டார்.

கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியைப் பற்றிப் பேர்ணடெற் சொன்னாள். அந்தச் செய்தி கனடாவுக்கு வந்தபின் அவளுக்கு அழ நேரம் கிடைத்ததில்லை. மறுநாளே வேலை இருந்தது. அதைச் சீன மொழியில் சொல்லத் தொடங்கிய சியூ லிங் பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தாள்.

இரத்தம் குறைவு, கவலையில் ஈரல் இறுகி அந்தக் கொஞ்ச இரத்தமும் ஒழுங்காக ஓடவில்லை என்று மிஸிஸ் யிப் தன் வைத்திய முறைப்படி விளக்கினார். தாங் குவாய் என்னும் வேரும் சிவப்புப் பேரீச்சையும் வேறு பட்டைகளும் கடதாசியில் மடித்து, காய்ச்சிக் குடிக்கச் சொல்லித் தந்தார். இரத்தம் போகிற நாட்களில் குடிக்கவேண்டாம். இரும்புக் குளிசையை நிறுத்தவேண்டாம். குடும்ப வைத்தியரிடம் இதைக் கட்டாயம் சொல். கடுமையாகப் போனால் என்னிடம் வராதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

கஷாயம் வீடு முழுக்க மணத்தது. ஜெசிகா மூக்கைப் பொத்திக்கொண்டாள். வேலையால் களைத்து வந்த பேர்ணடெற் இரண்டு தரம் அதை அடிப்பிடிக்க விட்டாள். மூன்றாம் தரம் செல்வரட்ணம் குசினிக்குள் வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"இதென்ன?"

இனி மறைத்து என்ன என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தொழிற்சாலையில் நடந்தது உட்பட. அவர் அடுப்பையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெருப்பு கூடிப்போச்சு. இப்பிடிக் காய்ச்சினால் சாரம் இறங்காது. விடும், நான் செய்யிறன்."

அதிலிருந்து கஷாயம் அவர் பொறுப்பு. மெல்லிய தீயில் வற்றவைத்து, வடித்து, கசப்பு மாறப் பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வைத்துக் கொடுப்பார். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு குடியும்," என்பார். பிறகு ஒருநாள், முகத்தைப் பார்க்காமலே, "இந்த மாசம் எப்பிடி இருக்கு உமக்கு?" என்று கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி அவரிடமிருந்து வருவது அதுதான் முதல்தரம். பேர்ணடெற் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். தம்பிக்காகவும் சேர்த்து அழுதாள்.

அடுத்த கோடைக்குள் மாதவிடாய் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. இரத்தம் ஏறியிருக்கிறது என்று குடும்ப வைத்தியரும் சந்தோஷப்பட்டார். வேரா, குளிசையா, அழுததா, எது சுகமாக்கியது என்று அவள் ஆராயவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குச் சியூ லிங்கை அழைத்தாள். அவள் கிறிஸ்தவள் அல்ல. ஆனாலும் நல்ல கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். யார் யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசித்த சுவாமியார், நன்றிக்காகப் பேர்ணடெற் எழுதிக் கொடுத்திருந்த சியூ லிங்கின் பெயரில் தடக்கி, திருத்தி, மறுபடி சொன்னார். சியூ லிங் பேர்ணடெற்றின் முழங்கையைச் சுரண்டினாள்.

"என் பெயரை ஏன் வாசிக்கிறார்? நான் செத்துப்போனேனா?"

"இல்லை. நீ இருக்கிறதுக்காக."

பூசை முடிந்து வெளியே வந்ததும் செல்வரட்ணம் சியூ லிங்கின் முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்த இங்கிலீஷ் வசனம் வாயில் வரவில்லை. இரண்டு கையையும் கூப்பினார். சியூ லிங்கும் கூப்பினாள்.

"வாங்கோ, வீட்டை போய்ச் சாப்பிடுவம்," என்றார் தமிழிலேயே.

அவளுக்கு அது விளங்கிவிட்டது. ஜெசிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.