சுவரில் மூன்றாவது பெண்

மாடம்பாக்கம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓடிய கடைசி வருஷங்கள் அவை. காம்பவுண்டுச் சுவர் முழுக்கப் பாசி, கட்சி விளம்பரம், வெற்றிலை எச்சில். சனிக்கிழமைகளில் பெற்றோரையும் கூப்பிட்டு அதில் படம் வரைந்துவிடலாம் என்று ஹெச்.எம்.மிடம் நான்தான் குதித்தேன். குரோம்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருந்த ஒரு பாய், பிள்ளை எங்களிடம் படித்ததால், மிச்ச டப்பாக்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

பிரேயர் முடியும்போது அந்தச் சுவரில் வெயில் நேராக அடிக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவரோரம் நிறுத்தி, விழுகிற நிழலைச் சாக்பீஸால் சுற்றி வரைவேன். உள்ளே வண்ணம் அடிப்பது வந்த பெற்றோரின் வேலை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நிற்கச் சொன்ன ஒரு பெண் நெளிந்துகொண்டே இருந்தாள். மூன்று தடவை கோடு கோணிப்போயிற்று. "போடி அந்தப் பக்கம்! ஒழுங்கா நிக்கத் தெரிஞ்ச அன்னைக்கு வா" என்று விரட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல். காலையில் நெளிந்ததும் அதனால்தானோ என்னவோ. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

அவள் அம்மா தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டோரம் பூ விற்பவள். சுவர் வேலை முடிந்த வாரம் கூடையோடு வந்து நின்றாள்.

"எல்லாப் புள்ளைங்களையும் செவுத்துல வரஞ்சிகீறீங்களாமே டீச்சர். எம்பொண்ணு எங்க கீது?"

விரட்டிவிட்டேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? என் விரல் மூன்றாவது உருவத்தைக் காட்டியது. அதுவும் ரெட்டைச் சடைதான்.

"ஒசரமா கீதே?"

"காலை வெயில்ல நிழல் கொஞ்சம் நீளமாத்தாம்மா விழும்."

நம்பிவிட்டாள். அதன் முகத்தைத் தடவி, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து ஒரு கை என் புடவையை இழுத்தது. அந்த நிழலுக்கு உண்மையில் நின்ற பெண்.

"டீச்சர், அது நான்."

"வாயை மூடு. அது நீ இல்ல" என்று பல்லைக் கடித்தேன். மூடிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் சுவரில் ஆணி. மூன்றாவது உருவத்துக்கு மல்லிகைச் சரம் மாலையாகத் தொங்குகிறது, நெற்றியில் குங்குமம். ஐயோ, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை! எடுத்துப் போடவும் கை வரவில்லை. வாராவாரம் புதுச் சரம் ஏறியது. பிரேயரில் அந்தப் பெண் சுவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நிற்கப் பழகினாள். அவள் ஒரு தும்மல் போட்டால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆண்டு விழா அன்று, நிழலுக்கு நின்ற அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். சனிக்கிழமையும் ஆபீஸ் போகிறவள், சுவரை அன்றுதான் முதலில் பார்க்கிறாள். பூக்காரி அப்போது சரத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், மூணாவது நீன்னுதானே வீட்டுல சொன்னே? இதுக்கு ஏன் மாலை?"

"இன்னாம்மா சொல்றே? அது செத்துப்போன எம்பொண்ணும்மா" என்றாள் பூக்காரி. "டீச்சரே காட்டுனாங்க."

இரண்டு அம்மாக்களும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"அது நான் இல்லம்மா. சும்மா சொன்னேன். என்னை வரையவே இல்ல."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. "செத்த பிள்ளை படத்தைக் காட்டி உன்னுதுன்னு பொய் சொல்லுவியா? சொல்லுவியா?"

இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையைப் பிடித்தவள் பூக்காரிதான். "உட்டுடும்மா, பச்சப் புள்ள" என்று அவளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். ஊர்ப்பட்ட வாய் பேசுகிற நான் மரமாக நின்றேன். பேசியிருந்தால் பூக்காரியிடமிருந்து அவள் பிள்ளையை இன்னொரு தடவை பிடுங்கியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

செத்த பிள்ளை ஒரு நாளும் என் கனவில் வந்ததில்லை. வருகிறவள் இவள், கன்னத்தில் விரல் தடத்தோடு. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு கீழ்க்கட்டளையில் நன்றாகத்தான் இருக்கிறாளாம். ஆனாலும் யாராவது அவள் பேச்சை எடுத்தால், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிடுகிறேன், "அவளுக்கு என்ன ஆச்சு?"